பாரில் வெறுங்கால்கள்

பைபாஸ் ரோட்டு லாட்ஜின் ஏசி பாரில் நான் காமெடி பண்ணப்போகிறேன் என்றதும் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அதோடு முடிந்துவிடும் என்று அப்போது தெரியவில்லை. பௌர்ணமியன்று வைத்தால் கூட்டம் அம்மும் என்று நாள் குறித்தவர் லாட்ஜ் மேனேஜர். அம்மத்தான் செய்தது.

என் பயம் வேறு. மறுநாள் காலை நான் காதலிக்கும் பெண்ணின் வீட்டிலிருந்து பதில் சொல்ல வருகிறார்கள். அவள் அழுது, அடம்பிடித்து, கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அப்பாவை அதுவரைக்கும் கொண்டுவந்திருந்தாள். "பார் வாசல்ல கால் வெச்சவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவர் அவர். நான் குடிப்பதில்லை. ஆனால் அந்த பாரைத் தவிர யார் எனக்கு மைக் கொடுத்தார்கள்? "கிரிவலம் போறேம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பில்லாமல் கிளம்பினேன். செருப்போடு போனால் அம்மா நம்பமாட்டாள்.

மேடையில் நான் சொன்ன எதற்கும் சத்தமில்லை. கடலை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. நண்பன் வீடியோ எடுக்க போனைத் தூக்கியதும் பாதிப் பேர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் கவனித்தேன். எல்லார் நெற்றியிலும் பட்டை விபூதி. மேஜைகளுக்கு அடியில் ஒரு செருப்புகூட இல்லை.

"வீட்ல கிரிவலம்னு சொல்லிட்டு வந்தவங்க கை தூக்க வேணாங்க," என்றேன். "கால மட்டும் உள்ள இழுத்துக்குங்க."

கால்கள் சரசரவென்று உள்ளே போயின. யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! மூலையில் ஒருவர் மட்டும் துண்டுக்குள்ளிருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். காமெடியன்கள் எல்லாரும் செய்வதுபோல மைக்கோடு இறங்கிப் போய், "ஐயாவுக்கு எந்த ஊருங்க?" என்றேன்.

துண்டை விலக்கினார். அவளுடைய அப்பா. நான் அவரைப் போட்டோவில் பார்த்திருந்தேன்; அவரும் என்னை அப்படித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் என் காலைப் பார்த்தார், நான் அவர் காலைப் பார்த்தேன். மைக்கோடு அடுத்த மேஜைக்குப் போனேன். கல்யாணம் போச்சு என்று வீட்டுக்கு வந்து படுத்தேன்.

காலையில் பூ, பழத் தட்டோடு வந்தார்கள். அம்மா பெண்ணின் அப்பாவிடம் காபியை நீட்டி, "நேத்து கிரிவலம் போனீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"தவறாம போவேங்க. மாப்பிள்ளையும் அங்கதான் இருந்தாரு. அவ்ளோ ஜனத்துல வெறுங்கால்ல நின்னாரு பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

அம்மா பெருமையோடு என்னைப் பார்த்தாள். மாமா காபியைப் பார்த்தார்.

இப்போது பௌர்ணமிதோறும் இரண்டு குடும்பமும் சேர்ந்து நிஜமாகவே மலை சுற்றுகிறோம். இனி மாமாவும் நானும் தப்பவே முடியாது. அடி அண்ணாமலை பக்கம் பெண்கள் கொஞ்சம் முன்னால் போனதும், "கால மட்டும் உள்ள இழுத்துக்குங்க" என்று முணுமுணுத்துவிட்டு, அன்றைக்கு மாதிரியே குலுங்கிச் சிரிக்கிறார். எனக்குக் கிடைத்த ஒரே ரசிகர். அந்தச் சிரிப்புக்காகத்தான் நடக்கிறேன்.