டிரில்லிங் மெஷினும் பத்து விரல்களும்

என் கணவர் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் வந்தால் நான் முதலில் பார்ப்பது அவர் கையைத்தான். காபியை நீட்டும் சாக்கில் விரல்களை எண்ணிவிடுவேன். பத்தும் இருந்தால்தான் டம்ளர் கைமாறும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிரில்லிங் மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம்.

அச்சரப்பாக்கத்தில் மூடிப்போன ஒரு லேத் பட்டறையிலிருந்து அதை வாங்கி வந்தார். மேஜைமேல் நிற்கும் வகை. பக்கத்திலிருக்கும் கைப்பிடியை இழுத்தால், துளை போடும் பிட்டு சுழன்றுகொண்டே கீழே இறங்கும். நல்ல மெஷினை ஏன் ஒருவன் விற்கிறான்? இறக்கி வைக்க வந்த பட்டறைக்காரரின் கையை உற்றுப் பார்த்தேன். எல்லா விரலும் இருந்தன. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவருடையது தப்பியிருந்தால் வேலையாள் யாருடையதாவது போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் அப்போது அணு ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்றில் உதிரி பாகங்களை அளந்து பார்த்துச் சரி, தப்பு சொல்லும் வேலையில் இருந்தார். மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த தகரக் கொட்டகையிலும் அதே கறார்தான். தொளதொள சட்டை கூடாது, வாட்ச் கூடாது, கையுறை கூடவே கூடாது. கையுறை பாதுகாப்புதானே என்று கேட்டதற்கு, "துணி மாட்டிச்சுன்னா கையையும் சேத்து இழுத்துக்கும்" என்றார். கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடமாட்டார். துளை விழவேண்டிய இடத்தில் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அந்தக் குட்டிப் பள்ளத்துக்குப் பொட்டு என்று பெயர். பொட்டின்மேல் பிட்டின் முனை உட்கார்ந்ததும் இரும்புப் பட்டையை மேடையோடு கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுவார். "கையால புடிச்சா, பிட்டு அந்தப் பக்கம் வெளிய வர்ற நேரத்துல பட்டை புடுங்கிக்கிட்டுச் சுத்தும். விரல் மிஞ்சாது" என்பார். இதைக் கேட்டுவிட்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பது?

மீனவர் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருந்த ஒருவர் இவருக்குச் சிநேகமானார். படகில் மோட்டார் மாட்டும் இரும்புப் பட்டைகளுக்குத் துளை போட்டுக்கொள்ள வருவார். இவர் கூலி வாங்குவதில்லை. மீன் கொடுத்தால் மறுப்பதும் இல்லை. எனக்கு அந்த ஆளைப் பார்த்தாலே ஆகாது. ஒரு படகுக்கு எத்தனை பட்டைதான் வேண்டும்? அவரால்தானே என் வீட்டுக்காரரின் விரல்கள் தினமும் அந்தப் பிட்டின் பக்கத்தில் போய் நிற்கின்றன? அவர் கொண்டுவரும் சங்கரா மீனைக்கூட ஒரு தடவைக்கு இரண்டு தடவை முகர்ந்து பார்த்துத்தான் அடுப்பில் ஏற்றுவேன்.

இரண்டு வருடம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. பிளாஸ்டிக் கண்ணாடி ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. அதன்மேல் ஒட்டடை. அறுபது வாட் பல்பு போய் நூறு வாட் வந்தது, அதற்குப் பக்கத்தில் ஒரு டியூப் லைட்டும் வந்தது. பிட்டுகள் உடைந்துகொண்டே இருந்தன. கேட்டால், "இப்ப வர்ற பிட்டெல்லாம் மட்டம்" என்று எரிந்து விழுந்தார். இந்த மனிதர் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். வாங்கிக் கொடுப்பது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேச்சுக் கொடுக்கிற மாதிரி கிட்டே போய் வாயை மோந்து பார்த்தேன். வெற்றிலை வாசனைதான் வந்தது. வாசனை தெரியாமலிருக்கத்தான் வெற்றிலை போடுகிறார் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

உடைந்த பிட்டுகளைப் பொறுக்கி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு, செங்கல்பட்டில் அவற்றை விற்ற கடைக்குச் சண்டை போடப் போனேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பிட்டு மேல பழி போடுறீங்க? மொனை மழுங்கவேயில்ல பாருங்க. சைடுல இழுபட்டு ஒடஞ்சிகீது. பொட்டு வெச்ச எடத்துல எறங்கல. பட்டைய கையால புடிச்சிகினு ஓட்டியிருக்காரு. மொதல்ல அவர் கையப் பாத்துக்கங்க."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் போகாமல் நேராகக் கொட்டகை வாசலுக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கிளாம்ப் ஓரமாகக் கிடந்தது. இடது உள்ளங்கையால் பட்டையை அழுத்திப் பிடித்திருந்தார். அந்தக் கையின் ஆள்காட்டி விரல் மட்டும் இரும்பின்மேல் தடவித் தடவி எதையோ தேடியது. விரலுக்கு மேலே ஓர் அங்குலம்கூட இல்லை, பிட்டு சுழன்றுகொண்டிருந்தது. வலது கை கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருந்தது.

கத்த வாயெடுத்தேன். கத்தினால் அவர் திடுக்கிட்டுக் கை பிசகும். வாயைப் பொத்திக்கொண்டு சுவர் ஓரமாகவே போய் சுவிட்சை அணைத்தேன். அணைத்தாலும் அது உடனே நிற்காது, சுற்றி ஓய வேண்டும். அது ஓய்கிறவரை அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பொட்டு ரெண்டா தெரியுது" என்றார். "எது நெஜம்னு தொட்டாத்தான் தெரியுது. கிளாம்ப் போட்டுட்டா நகத்தித் தேட முடியல. அந்தக் கண்ணாடிய மாட்டினா ஒரே புகை."

"எத்தன நாளா?"

"போன தீபாவளியிலேருந்து."

ஆபீஸில் அளவுகோலைப் பக்கத்திலிருப்பவரைப் படிக்கச் சொல்லிச் சமாளித்திருக்கிறார். கண் போய்விட்டது என்று தெரிந்தால் அளக்கும் வேலையைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பயத்தில் என்னிடமும் மூச்சு விடவில்லை. பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்புரை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். இதற்கா ஒரு வருடம் விரலைப் பணயம் வைத்தார் என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, அவர் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் படகுக்காரர் பார்க்க வந்தார். என் ஆத்திரத்துக்கு ஓர் ஆள் கிடைத்தது. கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

"கடைசியா எடுத்துட்டுப் போனீங்களே நாலு பட்டை, எல்லாம் படகுல பொருந்திச்சா?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "எங்கக்கா பொருந்துது? ஓட்டையெல்லாம் தள்ளித் தள்ளி கீது. வூட்டாண்டதான் கெடக்குது. வேற எடத்துல போட்டுகினேன்."

"தெரிஞ்சும் மறுபடி மறுபடி ஏன் கொண்டாந்தீங்க? அவர் விரல் போயிருந்தா?"

"நான் வராட்டி சார் ஆள் வுட்டு அனுப்புவாரு, ஏன் வரலன்னு. கண்ணு சரியில்ல சார்னு மூஞ்சிக்கு நேரா எப்டிக்கா சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவர் குரலில் கோபம் இல்லை. "உன்னாண்ட சொல்லணும்னுதான்கா, சார் டூட்டிக்குப் போயிருந்தப்ப ரெண்டு தபா வந்தேன். நீ கேட்டையே தொறக்கல."

எனக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டு முறையும், ஆம்பளை இல்லாத வீட்டில் உனக்கு என்ன வேலை என்று ஜன்னல் வழியாகவே அவரை விரட்டியிருந்தேன்.