வால்நட் தூள் விழுந்த சரிவு

ஆர்லிஸ் பிரெக்கிக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும் என்று ஸ்காலன் பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்வார்கள். ஐம்பத்தாறு வயது. மரம் அறுக்கும் மில் கொட்டகையிலிருந்து வீட்டு வாசலுக்கு ஐம்பதடி இருந்தால் அதிகம், அதற்கும் ஓட்டம்தான். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பாள். போனில் பேசும்போது எதிராளி வாயைத் திறப்பதற்குள் "ஆமா, ஆமா" என்று நான்கு தடவை சொல்லிவிடுவாள். மரத்தை ரம்பத்துக்குள் தள்ளும்போது மட்டும் சிலையாக நிற்பாள். அதனால்தான் பத்து விரலும் இன்னும் அவளிடமே இருக்கின்றன.

மில் அவளுடைய அப்பா காலத்தது. கணவன் ஓர்வில் முன்னே பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். மாட்டுக்கொட்டகைக்கு நாலு பலகை அறுக்க வந்தவன், பலகையை அனுப்பிவிட்டு இங்கேயே தங்கிவிட்டான். ஆர்லிஸ் ஒரு நாளில் பேசுவதை ஓர்வில் ஒரு மாதத்தில் பேசுவான். ரம்பப் பல்லைத் தீட்டுவது, பெல்ட் மாற்றுவது, தூள் வெளியேறும் குழாயைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவன் வேலை. மரம் வாங்குவது, அறுப்பது, ஊரோடு சண்டை போடுவது அவள் வேலை.

மில்லுக்குப் பின்னால் ஒன்பது ஏக்கர் சரிவு. ஒரு காலத்தில் முழுக்கப் புல்லும் பூவுமாக இருந்த இடம். தீ வைப்பதும் மாடு மேய்வதும் நின்றபின் சீடர் என்னும் ஊசியிலை மரங்கள் புகுந்து, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத அளவுக்கு மூடிவிட்டன. பள்ளத்தாக்கின் தபால்காரி ரெனாட்டாவும் அவளுடைய கூட்டாளிகளும் அந்தப் புல்வெளியைத் திருப்பிக் கொண்டுவரக் கிளம்பினார்கள். மரங்களை வெட்டி, குவித்து, எரித்தார்கள். புகை மில்லுக்குள் வந்த அன்றே ஆர்லிஸ் மேலே ஓடினாள்.

"என்னடி பண்றீங்க? சீடரையா எரிக்கிறீங்க? உள்ள செக்கச்செவேல்னு எப்படி இருக்கு பாரு! உங்களுக்கெல்லாம் மூளை இருக்கா?"

"எங்களுக்கு மரம் வேண்டாம், இடம்தான் வேணும்," என்றாள் ரெனாட்டா. "உனக்கு வேணும்னா நீயே வந்து வெட்டி எடுத்துக்கோயேன், யாரு தடுத்தா?"

அதற்குப் பிறகு ஆறு குளிர்காலம், தரை உறைந்து கல்லான நாட்களில், பிரெக்கி குடும்பம் அந்தச் சரிவிலிருந்து சீடரை இறக்கியது. கோணலும் மாணலுமான கட்டைகளிலிருந்து வேலிக்கம்பங்கள், துணிப்பெட்டிகள், தோட்டத்துப் பாத்திகள் எல்லாம் வந்தன. மரம் மில்லுக்கு, சுத்தமான சரிவு புல்வெளிக்கு. இதில் யாரும் யாருக்கும் பில் போட்டதில்லை.

ஆறாவது வருடம் சரிவு மொட்டையாக நின்றது. இனி விதைக்க வேண்டும். செப்டம்பரில் தொடங்கி அறுபது பேர் சாலையோரம், கல்லறைத் தோட்டம், ஓடைக்கரை என்று அலைந்து கையால் விதை பறித்தார்கள். தபால் போடும் வழியில் எந்த மூலையில் என்ன பூக்கும் என்று ரெனாட்டாவுக்குத் தலைகீழ்ப் பாடம். ரயில் தண்டவாளத்தை ஒட்டி, கலப்பையே படாத ஒரு துண்டு நிலம் அவளுக்குத் தெரியும். அங்கே திசைகாட்டிச் செடி இருந்தது. அதன் இலை விளிம்பு வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும். வேர் பதினைந்தடி இறங்கும். நூறு வருடம் வாழும். அதிலிருந்து அவள் விதை எடுத்தாள். எடுத்த மூன்றாவது வாரம் இயந்திரம் வந்து அந்தத் துண்டைச் சுரண்டி ஜல்லி கொட்டிவிட்டது. பள்ளத்தாக்கில் வேறெங்கும் அந்தச் செடி கிடையாது.

"நாப்பத்து மூணு விதை," என்று ஜாம் புட்டியைக் காட்டினாள் ரெனாட்டா. "மூணு தடவ எண்ணிட்டேன்."

"தொட்டியில வளத்துப் பாரேன்," என்றாள் ஆர்லிஸ்.

"தொட்டியில வேர் சுருண்டு செத்துரும். பனியில தூவணும். குளிர்ல கெடந்தாதான் முளைக்கும்."

தூவுவதற்கு மரத்தூள் வேண்டும். பல விதைகள் கசகசாவைவிடச் சின்னவை, சும்மா வீசினால் முதல் பத்தடியிலேயே தீர்ந்துவிடும். ஈரத் தூளில் கலந்து வீசினால் பரவலாக விழும், பனியின் மேல் எங்கே விழுந்தது என்றும் தெரியும். தூள் மில்லின் பொறுப்பு. ஆர்லிஸ் நெஞ்சில் தட்டி ஏற்றுக்கொண்டாள்.

மில்லில் எப்போதும் இரண்டு குவியல். வலப்பக்கம் பாஸ்வுட் போன்ற சாதுவான வெளிர் மரங்களின் தூள். இடப்பக்கம் கறுத்த வால்நட் மரத்தின் தூள். வால்நட் தூளைக் குதிரை லாயத்தில் போட்டால் குதிரைக்குக் கால் வீங்கும், தக்காளிப் பாத்தியில் போட்டால் செடி வாடும். மில்காரர்களுக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டிய விஷயம் இல்லை. அந்த டிசம்பர் சனிக்கிழமை விடிவதற்கு முன்பே ஆர்லிஸ் எழுந்து, இரண்டு குவியலையும் மூடியிருந்த பனியைத் தள்ளி, வலப்பக்கக் குவியலிலிருந்து பதினான்கு மூட்டை அள்ளி வைத்தாள். மூக்கில் பயங்கர ஜலதோஷம், மனசில் திருவிழா. பக்கத்துப் பண்ணை டுவேன் வண்டியில் ஏற்றிப் போனான்.

பதினோரு மணிக்கு, காபி டிரம்மும் இரண்டு தட்டு ஓட்ஸ் வில்லைகளுமாக அவள் சரிவுக்கு வந்தபோது காதெல்லாம் ஒரே ஆரவாரம். நாற்பது பேர், ஆளுக்கு ஒரு வாளி, தோளோடு தோள் வரிசையாக நடந்து வீசிக்கொண்டிருந்தார்கள். யாரோ பாடினார்கள், யாரோ வழுக்கி விழுந்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். மேல் பாதி முடிந்திருந்தது. உச்சி விளிம்பில் ஜாம் புட்டி விதையை ரெனாட்டாவே தன் கையால் தூவியிருந்தாள்.

"ஆர்லிஸ்! இந்த வருஷத் தூள் பிரமாதம்!" என்று டுவேன் கத்தினான். "பனி மேல பளிச்னு தெரியுது, காப்பிப்பொடி கொட்டின மாதிரி!"

காப்பிப்பொடி. ஆர்லிஸ் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். விரலில் தேய்த்தாள். அடைத்த மூக்குக்கே அந்தக் காட்டம் ஏறியது.

வால்நட்.

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியாது, வெறும் ஈரம் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் உச்சி விளிம்பில் ரெனாட்டா காலி ஜாம் புட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள், ஒரு விதைகூட ஒட்டியிருக்கக் கூடாது என்று.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க! தூள் தப்பு! வால்நட்டு!"

அடுத்த நொடி அவள் காபி டிரம்மை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடி, விளிம்பில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் பனியை வாளிக்குள் வார ஆரம்பித்தாள். டுவேனும் உதவுகிறேன் என்று ஒரு பெரிய மண்வெட்டியோடு வந்தான்.

"கைய எடுங்க ரெண்டு பேரும்!" ரெனாட்டாவின் குரல் கீழே சாலைவரை கேட்டிருக்கும். "வாரினா விதையும் நசுங்கிப்போகும். தூவினது தூவினதுதான்." பிறகு தணிந்த குரலில் கேட்டாள், "எப்படி ஆர்லிஸ்? உனக்குப் போய் எப்படி?"

பதில் வரிசையில் வாளியோடு நின்ற ஓர்வில்லிடம் இருந்தது. "பனி ஏறி வால்நட் பக்கக் குழாய் அடைச்சுக்கிச்சு. தூள வலப்பக்கம் திருப்பி விட்டேன். செவ்வாக்கிழமையே சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"நீ போன்ல இருந்த. 'ஆமா, ஆமா'ன்ன."

நாற்பது பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆர்லிஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கு நேரமில்லை. மில்லுக்குப் பறந்தாள், குவியலின் அடியிலிருந்த வெளிர் தூளை முகர்ந்து முகர்ந்து அள்ளினாள், முகர முடியாததால் ஓர்வில்லையும் முகரச் சொன்னாள். இருட்டுவதற்குள் கீழ்ப் பாதி வெளிர் தூளோடு விதைக்கப்பட்டது. சரிவின் குறுக்கே, மேலே கறுப்பும் கீழே வெளுப்புமாக, அளவுகோல் வைத்தது போல ஒரு கோடு விழுந்தது.

ரெனாட்டா சண்டை போடவில்லை. வழக்கமாக மில் வாசலில் ஹாரன் அடித்து, இறங்கி, வாயாடிவிட்டுப் போகிறவள், இப்போது கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு நிற்காமல் போனாள். அதைவிட நான்கு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஊருக்கு மட்டும் கொண்டாட்டம். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு மதுக்கடையில் கூடுகிறவர்கள், கறுப்புப் பாதி நன்றாகப் பூக்குமா வெள்ளைப் பாதியா என்று பந்தயம் கட்டினார்கள். பாலாடைக்கட்டி, செர்ரிப் பழ அப்பம், ஒரு நாள் பனி வாரித் தருவது என்று பணயங்கள் சுவரில் எழுதப்பட்டன. ஆர்லிஸ் வீம்புக்குக் கறுப்பின் மேல் கட்டினாள், அதுவும் ஒரு முழு சீடர் பெட்டியை.

பல்கலைக்கழகத்து மண் நிபுணர் ஒருவர் வந்து பார்த்து, "இவ்வளவு லேசாத் தூவின தூளோட நஞ்சு மழையில கரைஞ்சு போயிரலாம்" என்றார். போயிரும் என்று சொல்லவில்லை, போயிரலாம் என்றார். அந்த "லாம்" ஆர்லிஸை இரண்டு வருடம் தூங்கவிடவில்லை.

முதல் கோடையில் இரண்டு பாதியிலும் களைதான். இரண்டாம் கோடையில் கீழ்ப் பாதி மஞ்சள் பூவாகக் கொட்டியது. மேல் பாதியிலும் பூ வந்தது, ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாக.

"உன் பக்கம் எங்க மாமா தலை மாதிரி இருக்கு," என்றான் டுவேன். "ஓரத்துல மட்டும் முடி."

"உன் வாயில வால்நட் தூளக் கொட்ட! பொறுடா!"

பொறுக்கச் சொன்னவளுக்குப் பொறுமை எங்கே? ஞாயிறு தவறாமல் உச்சி விளிம்பில் நாலு காலில் தவழ்ந்தாள். இருநூறு வகை இலை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தேடிய திசைகாட்டி இலை மட்டும் இல்லை. பூ வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? மற்ற விதையெல்லாம் அடுத்த வருடமும் பறிக்கலாம். அந்த நாற்பத்து மூன்றை இனி யாராலும் பறிக்க முடியாது.

மூன்றாம் வருட ஜூன், ஒரு வியாழக்கிழமை. ரம்பம் சூடேறிவிட்டது, ஆறட்டும் என்று ஓர்வில் இயந்திரத்தை நிறுத்தியிருந்தான். அந்தப் பத்து நிமிடத்தைச் சும்மா கழிக்க முடியாமல், மறுபடி முளைத்த சீடர் கன்றுகளைப் பிடுங்க ஆர்லிஸ் விளிம்புக்கு ஏறினாள். ஒரு கன்றைப் பிடித்து இழுத்தாள். அதற்குப் பின்னால், புல்லுக்குள், உள்ளங்கையைவிடப் பெரிய ஓர் இலை நிமிர்ந்து நின்றது. பப்பாளி இலையைப் போல ஆழமாக வெட்டுப்பட்ட இலை. தொட்டால் சொரசொரப்பு. விளிம்பு ஒன்று வடக்கே பார்த்தது, மற்றொன்று தெற்கே சாலையைப் பார்த்தது.

இரண்டடி தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் மூன்று.

அவள் மண்டியிட்டபடியே போனை எடுத்து நம்பரைத் தட்டினாள்.

"ரெனாட்டா! எங்க இருக்க? வண்டிய இங்க விடு! இருக்குடி! இருக்கு! வடக்கு தெக்கா நிக்குது!"

ரெனாட்டா போனை வைத்துவிட்டாள். பிறகு ஹாரன் கேட்டது. பள்ளத்தாக்கு முழுக்க, வளைவுக்கு வளைவு, விடாமல் அலறிக்கொண்டே தபால் வண்டி வந்தது. ரெனாட்டா கதவைக்கூடச் சாத்தாமல் சீருடையோடு சரிவில் ஏறினாள். மூச்சு வாங்க வந்து, பார்த்து, இலைக்கு முன்னால் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஊருக்கே தபால் லேட்டு," என்றாள். அவ்வளவுதான் வந்தது. இலையை ஒரு விரலால் தடவிவிட்டு, "எண்ணினியா?" என்று கேட்டாள்.

"நீ வராம எப்படி எண்ணுவேன்?"

"இப்ப எண்ணு."

ஆர்லிஸ் தவழ்ந்தபடி எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று. பதினான்கு வரை வந்ததும் கண் நிறைந்து, ஒவ்வொரு இலையும் இரண்டாகத் தெரிந்தது.

"எண்ணிக்க தப்பிப்போச்சுடி. எல்லாம் ரெட்டையாத் தெரியுது."

ரெனாட்டா தவழ்ந்து பக்கத்தில் வந்தாள். ஆர்லிஸின் சுட்டுவிரலைப் பிடித்து, முதல் இலையின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"ஒண்ணு," என்றாள்.