ரசமட்டமும் ஆறு மணித் தட்டலும்

டங், டங், டங்.

"கேட்டுச்சா தம்பி? நான் நின்னாச்சு. இப்ப நீங்க. இடது பக்கமா புரளுங்க. அவசரமே இல்ல, பின்னாடி எவனும் ஹாரன் அடிக்கல."

காலை மணி ஆறு. குரல் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் கைப்பேசியிலிருந்து வருகிறது. கட்டிலில் மல்லாந்திருப்பவர் புரளத் தொடங்குகிறார். நீங்களும் நானும் தூக்கத்தில் கணக்கில்லாமல் செய்கிற காரியம்தான். ஆனால் இவருக்கு அதற்கு முன்னேற்பாடு வேண்டும். முதலில் முழங்கால்கள் மடங்க வேண்டும். பிறகு தோளும் இடுப்பும், ஒன்றை ஒன்று முந்தாமல், சேர்ந்து திரும்ப வேண்டும். இடுப்பு ஒரு நொடி பிந்தினால் புட்டத்திலிருந்து கட்டைவிரல் வரை காலுக்குள் யாரோ காய்ச்சின கம்பியை இழுப்பார்கள்.

"புரண்டாச்சுண்ணே."

"காலைக் கீழ விடுங்க. முழங்கைய ஊனுங்க. மூச்சப் புடிச்சு வைக்காதீங்க, அதுக்கு வரி கிடையாது, தாராளமா விடுங்க."

எழுந்து, நின்று, சுவரைப் பிடித்து மூன்று எட்டு வைத்து, கதவின் மேல் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் விரல் முட்டியால் மூன்று தடவை தட்டுகிறார். "சரி தம்பி, இன்னிக்கு நீங்க பாஸ்" என்று சொல்லிக் குரல் போய்விடும்.

தொழில் வட்டாரத்தில் இவருக்கு ரசமட்டம் என்று பெயர். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி மிதக்கும் கருவி அது. குமிழி நடுவில் நின்றால் தரை சமம், ஒதுங்கினால் கோணல். டைல்ஸ் மேஸ்திரிகள் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். இவரிடமும் இருந்தது, மற்றவர்களின் வாயை அடைப்பதற்கு. வெறும் கண்ணாலேயே "அந்த மூலை ரெண்டு நூல் இறக்கம்" என்பார்; நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சந்தேகப்பட்டவன் கருவியை வைத்துப் பார்த்து அசடு வழிவான். காது அதைவிட மோசம். ஒட்டிய கல்லை முட்டியால் தட்டி, அடியில் கலவை நிறைந்திருக்கிறதா, எங்காவது காலி விட்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இந்தத் திறமையை வேலைத் தலத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் உறவினர்கள் அவரை மதித்திருப்பார்கள். புது வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டால், வந்த மனிதர் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து தரையைத் தட்டினார். "மச்சான், இந்தக் கல்லு உள்ள காலி." மச்சான் அதன்பிறகு கூப்பிடவில்லை.

இருபத்தாறு வருஷம் பெட்டி பெட்டியாகக் கல் சுமந்த முதுகு. நாலு மாடி ஏறியிருக்கிறது, ஒரு நாளும் முனகியதில்லை. போன வருஷம் குளியலறையில் நின்று ஒரே ஒரு தும்மல் தும்மினார். அவ்வளவுதான். முதுகெலும்பில் இடுப்புப் பக்கம் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இருந்த ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் மேல் குடித்தனம் வந்துவிட்டது. நாலாவது மாடியிலிருந்து விழுந்திருந்தால் நாலு பேர் மதித்திருப்பார்கள். தும்மினேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? கல்லைத் தூக்கும்போது நடந்தது என்றே சொல்லிவருகிறார். தும்மல் விஷயம் வீட்டாருக்கும், பின்னால் வரப்போகிற இரண்டு பேருக்கும், இப்போது உங்களுக்கும் மட்டும் தெரியும்.

டாக்டர் நல்லவர். குனியாதீங்க, கனம் தூக்காதீங்க, மண்டி போடாதீங்க, குந்தி உட்காராதீங்க என்று சொல்லிவிட்டு, "மத்தபடி வழக்கமான வேலையைச் செய்யலாம்" என்றார். ரசமட்டத்தின் வழக்கமான வேலையில் மத்தபடி என்று எதுவும் இல்லை.

இதைவிடக் கொடுமை, பார்ப்பதற்கு அவர் நன்றாக இருப்பது. மாவுக்கட்டு இல்லை, தையல் இல்லை, ரத்தம் இல்லை. பஸ்ஸில் கைக்கட்டு போட்டவனுக்கு மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்ததைப் பார்த்தார். தன் எம்.ஆர்.ஐ. படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் என்ன என்று ஒரு வாரம் தீவிரமாக யோசித்தார். ஒரே ஒரு அடையாளம்தான் உண்டு: நிற்கும்போது உடம்பு இடது பக்கம் சாய்ந்திருக்கும். நரம்பு வலிக்காத பக்கம் உடம்பு தானாக ஒதுங்குமாம். கண்ணாடி முன்னால் நின்று தன்னையே ஒரு கண்ணை மூடி அளந்துவிட்டு, "மூணு நூல்" என்றார். தீர்ப்பில் கருணை காட்டுகிற பழக்கம் அவருக்கு எப்போதும் இல்லை.

முதுகு உள்ள ஒவ்வொருவரும் டாக்டர் என்பதும் அந்த நாட்களில்தான் தெரிந்தது. தரையில் படு என்றார் ஒருவர். தரையில் படுக்கவே படுக்காதே என்றார் அவருடைய தம்பி. தையல் கம்பெனியில் எட்டு மணி நேரம் மிஷினில் குனிந்துவிட்டு வரும் மனைவி மட்டும் வைத்தியம் சொல்லவில்லை.

"என்னங்க, பத்து மணி வரைக்கும் இப்படியே விட்டத்தப் பார்த்துட்டுக் கெடந்தா எப்படி?"

"எழுந்து என்ன பண்ணப் போறேன்?"

"எழுந்தாதான அது தெரியும்."

அவள் வேலைக்குப் போய்விடுவாள். அவர் விட்டத்தைப் பார்ப்பார். பூச்சு ஓரத்தில் அரை நூல் கோணல். நாற்பது நாள் அந்தக் கோணலோடு கழிந்தது. நாற்பதாம் நாள், எழ முயன்று, பாதியில் நின்று, மறுபடி படுத்துக்கொண்டு, அழுதார்; வலிக்காகத்தானா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

பொது மருத்துவமனையில் பிசியோதெரபி அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு ஒன்று உண்டு. புதன்கிழமைகளில் அந்தப் பெஞ்சு முழுக்கக் காலியாக இருக்கும். எதிரே சுவரோரமாக ஏழெட்டு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் பெயின்ட் ஈரம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஜவ்வு பிதுங்கிய டிஸ்க்காரர்களுக்கு உட்காருவதுதான் பெரும் பாடு. ரசமட்டம் முதல் நாள் போய் நின்றபோது பக்கத்தில் நின்றவர் கேட்டார்:

"எத்தனாவது?"

"டோக்கனா? பதினாலு."

"டோக்கன் கெடக்குது. எலும்பு எத்தனாவது?"

"நாலு அஞ்சு."

"அட, நம்ம ஆளு!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி முதுகைத் தொலைத்தவர். ஒரு ஆபரேஷன் ஆகி, ஒன்றரை வருஷம் நன்றாக இருந்து, மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கிறவர். பஸ்ஸின் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வேன் என்று பெருமை அடிப்பார். ரசமட்டம் பெருமையை அங்கீகரித்தார்; காது உள்ள மனிதரை மதிக்க அவருக்குத் தெரியும். ஓட்டுநருக்கு அந்தப் பக்கம் நின்றது கணக்கு டீச்சர். ஐந்தாவதுக்குக் கீழே. கரும்பலகையின் கீழ் பாதியில் எழுதி ஒரு வருஷம் ஆயிற்று என்றார்.

தும்மல் கதையை வீட்டுக்கு வெளியே முதன்முதலில் அங்கேதான் சொன்னார் ரசமட்டம். யாரும் சிரிக்கவில்லை. "எனக்கு சாக்பீஸ் விழுந்துச்சு, எடுக்கக் குனிஞ்சேன்" என்றார் டீச்சர். "நான் வண்டியவிட்டு எறங்கினேன்" என்றார் ஓட்டுநர். மூன்று பேரும் கௌரவமாகத் தலையசைத்துக்கொண்டார்கள்.

ஆறு மணி ஏற்பாடு ஓட்டுநருடையது. படுக்கையிலிருந்து எழும் அந்தப் பத்து நிமிஷம்தான் நாளைக் கவிழ்ப்பது. அதைத் தனியாகக் கடக்க வேண்டாம் என்றார். அவர் ரசமட்டத்தை எழுப்புவது, ரசமட்டம் டீச்சரை எழுப்புவது. சட்டதிட்டம் டீச்சருடையது. வாயால் நின்னுட்டேன் என்றால் செல்லாது, நின்ற உயரத்தில் எதையாவது தட்டிக் காட்ட வேண்டும். கூப்பிடுகிறவர் முதலில் தட்ட வேண்டும். "படுத்துக்கிட்டே அடுத்தவங்கள எழுப்புற வேலை வேண்டாம். எங்க ஹெட்மாஸ்டர் ஒருத்தர் போதும்." ஓட்டுநருக்கு இரும்பு பீரோவின் மேல் கதவு. ரசமட்டத்துக்குத் தாழ்ப்பாள் பக்கம். டீச்சருக்கு ஜன்னல் கண்ணாடி.

ஏழு மாதம் நடந்தது. ஜவ்வு இருந்த இடத்திலேயே இருந்தது. மண்டி போட முடியவில்லை, சுத்தியல் மூலையில் கிடந்தது. ஆனாலும் ஆறரைக்கு மனைவிக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும் மனிதராக அவர் ஆகியிருந்தார். அது ஒன்றுதான் அவர் சம்பாத்தியம்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, சத்தம் மாறியது. டங் இல்லை; டொக். டொக், டொக்.

"கேட்டுச்சா தம்பி? நான் நின்னாச்சு."

ரசமட்டம் புரள்வதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார். அதே பீரோ. மேல் கதவு இல்லை. கீழே, சாமான் அடைத்த இழுப்பறை. சத்தத்தின் வால் தரையில் பட்டு உடனே செத்துவிடுகிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருக்கும். நின்றுகொண்டு அங்கே தட்ட அந்த மனிதர் குனிய வேண்டும், குனிய முடியாது. அப்படியென்றால்?

செவ்வாயும் டொக். புதன்கிழமை ஓட்டுநர் மருத்துவமனைக்கு வரவில்லை.

"பேத்திக்கு ஸ்கூல்ல என்னமோ இருக்காம்" என்றார் டீச்சர். "ஏன் மேஸ்திரி ஒரு மாதிரி இருக்கீங்க? காலையில போன் பண்ணினாருல்ல?"

"பண்ணினாரு."

"தட்டினாருல்ல?"

"தட்டினாரு டீச்சர்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் ஒன்றும் இல்லை என்றார். சொன்னால் டீச்சர் நாளைக்கு எழ மாட்டார் என்று தெரியும். எப்படித் தெரியும் என்றால், கேட்ட நிமிஷத்திலிருந்து தனக்கே எழுவதற்கு மனமில்லை. ஆபரேஷன் பார்த்தவர், மூவரில் மூத்தவர், நின்னாச்சு என்று ஏழு மாதமாகச் சொன்னவர் தரையில் கிடக்கிறார் என்றால், இவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? பஸ்ஸில் வீடு வரை கம்பியில் தொங்கிக்கொண்டே வந்தார். ஊரில் உள்ள தரைகளை எல்லாம் தட்டிப் பார்த்து இங்கே காலி அங்கே காலி என்ற பெரிய மனிதருக்கு, அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஓட்டுநர் இவரை எழுப்புகிறார், இவர் டீச்சரை எழுப்புகிறார். ஓட்டுநரை யார் எழுப்புகிறார்கள்? கணக்கு டீச்சர் ஒருவரும் மட்டம் பார்க்கும் மேஸ்திரி ஒருவரும் சேர்ந்து உட்காராமல் நின்று போட்ட திட்டத்தில் அந்த இடம் வெறுமனே விட்டுப் போயிருந்தது.

வியாழன், மறுபடி டொக்.

"அண்ணே, உங்களுக்கு யாரு போன் பண்றாங்க?"

"எனக்கு எதுக்குத் தம்பி? நான்தான ஸ்டார்ட்டிங் பாயிண்ட்!" சிரிப்பு வந்தது. பாதியில் மூச்சு இழுத்துக்கொண்டு நின்றது. "புரளுங்க, புரளுங்க. டீச்சர் காத்துட்டிருப்பாங்க."

புரண்டார். நின்றார். தட்டினார். நடந்த எதையும் மனைவியிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே விழித்துக்கொண்டார். குரல் இல்லாமல் புரள்வது வேறு ஜாதி வேலை. இரண்டு தடவை பாதியில் விட்டார். மூன்றாம் தடவை காலைக் கீழே விட்டு, முழங்கையை ஊன்றியபோது, பக்கத்தில் படுத்திருந்த மனைவி கண்ணைத் திறந்து பார்த்தாள். உதவிக்குக் கை நீட்ட வந்தவள், எதையோ புரிந்துகொண்டு, போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டாள். ஆறு அடிக்க எட்டு நிமிஷம் இருக்கையில் கதவைப் பிடித்து நின்று, ஓட்டுநரின் எண்ணை அழுத்தினார்.

"என்ன தம்பி?" குரலில் தூக்கம் இல்லை. வெகுநேரமாக விழித்தே கிடந்த குரல். "இன்னும் மணி ஆகலையே. நான்தானே பண்ணணும்?"

"இன்னிக்கு நான்ணே."



கூப்பிடுகிறவர் முதலில் தட்ட வேண்டும். ரசமட்டம் கையைத் தாழ்ப்பாள் உயரத்துக்குத் தூக்கினார். தூக்கிய கை அங்கேயே சிறிது நேரம் நின்றது. பிறகு கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்து, டாக்டர் மண்டி போடக் கூடாது என்ற முழங்கால்களை ஒவ்வொன்றாக மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வருஷமாகத் தொடாத தரைக்கு இறங்கினார். கதவின் அடிப்பலகையில், ஓட்டுநர் தட்டிய அதே ஒரு சாண் உயரத்தில், காதுள்ள மனிதருக்குக் கேட்கும்படி, மூன்று தடவை தட்டினார்.