பாக்கி ஒப்பாரி

நெல் அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. ஈரச் சாக்கை உலக்கையால் குத்துவது போன்ற சத்தம். அதன் பின்னாலேயே ஒரு மனிதனின் அலறல்.

கொல்லையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த மார்த்தாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அது ஏசுதாஸின் குரல். அவள் புருஷன் குரல்.

நெல் அறைக்கு இரண்டு கதவு. கூடத்துப் பக்கம் இருந்ததை உள்ளேயிருந்து தாழ் போட்டிருந்தார்கள். கொல்லைப் பக்கக் கதவில் பூட்டு தொங்கியது. அதன் சாவி, அங்கே தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற வீட்டுக்கார அம்மா செல்லம்மாளின் இடுப்பில் இருந்தது.

"அம்மா, தொறந்து வுடும்மா! சாவி உன்னாண்டதான கீது! கொன்னுடுவாங்கம்மா!"

செல்லம்மாளின் கை சாவிக்குப் போனது. உள்ளே அவள் புருஷன் ஏகாம்பரத்தின் குரல் இடிபோல எழுந்தது: "ஏறுவியாடா கம்பத்துல? இந்தக் காலுதான ஏறிச்சி?" எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. செல்லம்மாளின் கை சாவியை விட்டுத் தானாக நழுவியது.

அதற்குள் காரியக்காரன் வேதாசலம் ஓடிவந்து மார்த்தாளின் கூந்தலைக் கையில் சுற்றி, தரையோடு தரையாக இழுத்துப்போய்த் தெருவில் தள்ளினான். அதற்கப்புறம் அந்த அறையில் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

உயிர் போகிற அளவுக்கு ஏசுதாஸ் செய்த குற்றம் என்ன? ரேடியோ குழாயைத் திருப்பினான். அவ்வளவுதான்.

காவாந்தண்டலத்தை அடுத்த அந்தச் சிற்றூருக்கு அரசாங்கம் ஒரு ரேடியோ கொடுத்திருந்தது. பஞ்சாயத்துக் கட்டடத்தில் பெட்டி, வெளியே கம்பத்தின் உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய். சாயங்காலமானால் சென்னை நிலையத்தின் கிராம நிகழ்ச்சி பாடும். ஊர்ப் பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். உரத்தைப் பற்றியும் விதையைப் பற்றியும் விவாதித்து நிலையத்துக்குக் கேள்வி எழுதுவார்கள். இப்படிக் கூடிக் கேட்கும் வானொலி மன்றத்துக்குத் தலைவர் ஏகாம்பரம். குழாய் ஊரைப் பார்த்து இருந்தது. மார்த்தாளும் ஏசுதாஸும் இருந்த காலனி அதன் முதுகுப் பக்கம்.

பாட்டென்றால் உயிர் மார்த்தாளுக்கு. நாளெல்லாம் நாற்று நட்டுவிட்டு வந்து, ஏரிக்கரையில் நின்று காதைத் தீட்டிக்கொள்வாள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பாட்டு வரும், திரும்பினால் அறுந்துபோகும்.

"பாதிப் பாட்டுதான் நமக்கு எயுதி வெச்சிகீது" என்று அவள் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்புக்குப் பின்னால் இருந்த ஏக்கம் ஏசுதாஸுக்குப் புரிந்தது. ரேடியோ வந்திறங்கிய பலகைப் பெட்டியைக் குப்பையில் எறிந்தபோது, அதை எடுத்துவந்து அவளுக்குக் குடிசைக் கதவு செய்து கொடுத்தவன் அவன். மறுநாள் சாயங்காலம் கம்பத்தில் ஏறிக் குழாயைக் காலனிப் பக்கம் திருப்பினான். அன்றைக்குத்தான் காலனி முழுப்பாட்டைக் கேட்டது. மார்த்தாள் குழந்தையைப் போலக் கைதட்டினாள்.

விடிந்ததும், மார்த்தாள் ஏகாம்பரம் வீட்டு வேலைக்குப் போன பிறகு, ஏசுதாஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

உச்சிவெயிலில் அவன் உடம்பு கட்டை வண்டியில் வந்தது. பனைமரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்றான் வேதாசலம். கையில் தடியோடு ஏழெட்டுப் பேர் கூட வந்திருந்தார்கள். "ஒப்பாரி கிப்பாரின்னு ஒரு சத்தம் வந்திச்சி, குடிசைங்க எரியும்" என்றான்.

செத்தவனைச் சுற்றி உட்கார்ந்து, அவன் பேரைச் சொல்லி, வாழ்ந்ததைச் சொல்லி, செத்த விதத்தைச் சொல்லி அழுவது அந்தப் பெண்களின் வழக்கம். ஏசுதாஸுக்கு அது கிடைக்கவில்லை. மார்த்தாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குழியில் மண் போட்டாள். மாரில் அடித்துக்கொள்ள எழுந்த கைகளை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அழுதுவிட்டால் ஆறும் துக்கம், அழாததால் நெஞ்சில் கல்லாய் இறுகிப்போனது. ஒரே ஒரு தடவை, ஊர் கேட்க, அவனைச் சொல்லி அழுதுவிட வேண்டும். அவள் உயிரோடிருந்தது அதற்காகத்தான்.

அடுத்த நடவின்போது சென்னை நிலையத்து வண்டி ஊருக்கு வந்தது. மன்றத்துப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்த பிறகு அதிகாரி வயலுக்கு வந்தார். ஏகாம்பரம் வந்தவர்களுக்கு விருந்து ஏற்பாடு செய்ய வீட்டுக்குப் போயிருந்தார். வரப்பில் வேதாசலம் மட்டும் நின்றான். நடவுப் பாட்டு முடிந்ததும் அதிகாரி, "ஒப்பாரி யாராவது பாடுவீங்களா?" என்று கேட்டார்.

பெண்கள் பதறிப்போனார்கள். சிட்டம்மாள் துப்பிவிட்டுச் சொன்னாள்: "ஐய, இன்னா சாமி நீ! வூட்ல எயவு வுயாம யாருன்னா ஒப்பாரி வெப்பாங்களா? நீ சோறு துன்னுட்டுப் போவியா, சாவு கேக்குறியே!"

சிரிப்பு அடங்குவதற்குள் மார்த்தாள் சேற்றிலிருந்து கரையேறினாள்.

"எனக்கு ஒண்ணு பாக்கி கீது, சாமி. நான் பாடறேன்."

மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். இறுகிய கல் உடைந்தது.

"ஒசந்து நின்ன கம்பத்துல
ஒத்தையில ஏறினியே!
பாட்டைத் திருப்பி வுட்ட
பச்சைக்கிளி நீதானே!
நெல்லு வெச்ச அறையில
நெஞ்சொடைஞ்சி கெடந்தியே!
பனைமரம் ஏறலியே
பாளை நீ சீவலியே
ஏசுதாசு ராசாவே
எட்டி மிதிச்ச காலெதுவோ!"

யார் பேரையும் அவள் சொல்லவில்லை, புருஷன் பேரைத் தவிர. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அது ஒரு பெண்ணின் துக்கம். சுற்றி நின்றவர்களுக்கோ ஒவ்வொரு அடியும் சாட்சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒலிபரப்பாகும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

விருந்து முடிந்து கிளம்பிய வண்டியின் புழுதி அடங்கவில்லை, வேதாசலம் போய்ச் சொல்லிவிட்டான். களத்து மேட்டில் எல்லோரும் பார்க்க, ஏகாம்பரம் மார்த்தாளைச் செருப்புக் காலால் உதைத்தார். முகத்தில் மிதித்தார். அவள் முன்பல் உடைந்து மண்ணில் விழுந்தது.

"ரேடியோல பாடுவியா? வெள்ளிக்கியமை இந்த ஊர்ல ரேடியோ பாடுதான்னு பாக்கறேன்டி!"

சொன்னதைச் செய்தார். வெள்ளிக்கிழமை வெயில் சாய்ந்ததும் ஆட்களோடு போய், கோடாலியால் கம்பத்தை வெட்டிச் சாய்த்தார். குழாயை மிதித்து நசுக்கினார்கள். யாராவது பெட்டியைத் தொடுவானோ என்று தடிகளோடு அங்கேயே காவல் இருந்தார்கள்.

ஒன்றை அவர் மறந்தார். அந்த ஊரில் இன்னொரு ரேடியோ இருந்தது. அவருடைய சொந்தக் கூடத்தில்! தன் கை படாமல் தன் வீட்டில் எதுவும் அசையாது என்ற திமிர், அதை நினைக்கவே விடவில்லை.

கொல்லைக் களத்தில் மார்த்தாளும் காலனிப் பெண்களும் முந்தின போகத்து நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தார்கள். வீங்கிய உதட்டோடு மார்த்தாள் முறத்தைப் பிடித்திருந்தாள். போயிற்று, இதுவும் போயிற்று என்று அவள் மனம் கதறியது.

அப்போது நெல் அறையின் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, செல்லம்மாள் உள்ளே போனாள். கூடத்துப் பக்கக் கதவும் திறந்தது. அடுத்த கணம், ஏசுதாஸ் அடிபட்ட அதே அறையின் வழியாக மார்த்தாளின் குரல் வெள்ளமாகப் பாய்ந்து வந்தது.

"ஒசந்து நின்ன கம்பத்துல..."

முறங்கள் கீழே விழுந்தன. முதலில் சிட்டம்மாள்தான் மாரில் அடித்துக்கொண்டாள். பிறகு எல்லோரும். அன்று குழிக்கரையில் விழுங்கிய அழுகையை ஏகாம்பரத்தின் களத்திலேயே வட்டமாக நின்று அழுதார்கள். ஊர்த் தெருவில் கதவுகள் திறந்தன.

ஏகாம்பரம் வெறிபிடித்தவர்போல ஓடிவந்தார். உலக்கையை எடுத்து ரேடியோவை நொறுக்கினார். அதே வேகத்தில் திரும்பிப் பெண்டாட்டியின் கையில் இறக்கினார். கை முறிந்து தொங்கியது. "கட்னவனையே காட்டிக் குடுக்கறியாடி!"

ரேடியோ நின்றது. பாட்டு நிற்கவில்லை. விட்ட இடத்திலிருந்து பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். வேதாசலத்தின் தடி சிட்டம்மாள் மண்டையைப் பிளந்தது. அவள் விழுந்தாள், வட்டம் அவளைச் சுற்றி இறுகியது. ரத்தம் நெல்லில் கலந்தது.

மார்த்தாள் ஏகாம்பரத்தின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"அடி, ஆண்டே. கம்பத்த வெட்டன, பொட்டிய ஒடச்ச. பட்டணத்துலேர்ந்து அது ஊர் ஊரா போய்ட்சி. இன்னும் எந்தக் கம்பத்த வெட்டுவ?"

ஓங்கிய உலக்கை அப்படியே நின்றது. தெருவெல்லாம் ஜனம். கேட்காதவர் என்று ஒருவரும் இல்லை. உலக்கையைப் போட்டுவிட்டு அவர் உள்ளே போனார்.

அடுத்த வாரம் ஒருநாள் பகலில், காலனியே வாய் பிளந்து பார்க்க, செல்லம்மாள் தனியாக நடந்து வந்தாள். முறிந்த கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. மார்த்தாளின் குடிசைக்குள் வந்து தரையிலேயே உட்கார்ந்தாள்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு, மார்த்தா."

மார்த்தாள் சொம்பை நீட்டினாள். காலனித் தண்ணீரைச் செல்லம்மாள் மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"உத்திரமேரூர் போலீஸ் டேசனுக்குப் போய்க்கினு கீறேன். நானே சொல்லப்போறேன், நடந்ததெல்லாம். அந்த வூட்டுக்கு இனிமே திரும்ப மாட்டேன்."

மார்த்தாள் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். வெகுநாளாய் அவளை அறுத்துக்கொண்டிருந்த கேள்வியைத்தான் கேட்டாள்:

"என்னெ இஸ்துக்கினு போனப்பறம் நீ அங்கதான நின்னுக்கினு இருந்த. கடைசியா அவன் இன்னா சொன்னான்?"

 செல்லம்மாள் காலிச் சொம்பையே பார்த்தாள்.

"அடிச்சிப் போட்டுட்டு அவங்கல்லாம் போய்ட்டாங்க. அவன் கொல்லைக் கதவாண்ட தவந்து வந்தான். 'அம்மா, தண்ணி'ன்னான். பக்கத்துலதான் பானை. சாவி இடுப்புலதான். நான்... பயந்துக்கினு நின்னுட்டேன், மார்த்தா. அவன் கேட்டுக்கினே இருந்தான்."

மார்த்தாள் கையை நீட்டிச் சொம்பை வாங்கிக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் இல்லை, அழவேண்டியதை அழுதாகிவிட்டது.

"அதையும் டேசன்ல சொல்லு. தண்ணி கேட்டான், குடுக்கலன்னு சொல்லு."

"என்னெ மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாயில்ல."

"கேக்காத. பஸ்ஸு வந்துடும். கெளம்பும்மா."

செல்லம்மாள் எழுந்தாள். வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

அவள் ஏரிக்கரைத் திருப்பத்தில் மறையும் வரை மார்த்தாள் நின்றாள். பிறகு, ரேடியோ வந்த பெட்டியில் ஏசுதாஸ் செய்துகொடுத்த அந்தக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.