ரத்வான் எடுக்காத கத்தி

எண்பது நாள். பெண் குழந்தை பெற்ற சமாரியத் தாய் தனி அறையில், தனிக் கட்டிலில், தனித் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டிய காலம் அது. பையன் பிறந்தால் அதில் பாதி. அதுவரை அவளையோ குழந்தையையோ தொட்டவர்கள் குளித்துவிட்டு, சூரியன் மறையும்வரை எதையும் தொடாமல் ஒதுங்கி இருக்க வேண்டும்.

ரத்வானின் மகள் ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி பிறந்தாள். ஏப்ரல் இருபத்திரண்டு, அதாவது பதினோராம் நாள், பஸ்காவுக்கு ஆடு வெட்டும் மாலை. அந்தப் பதினோரு நாளில் அவன் மகளை ஒருமுறைகூடத் தூக்கவில்லை. அறை வாசலில் நின்று பார்ப்பான். சமைப்பான். பருப்பு சூப்பையும் வெண்டைக்காயையும் தட்டில் வைத்து வாசலில் இருக்கும் முக்காலிமேல் வைத்துவிட்டு நகர்வான். மனைவி நூரித் எழுந்து வந்து எடுத்துக்கொள்வாள்.

"உப்பு போட மறந்துட்டே."

"நேத்து ஜாஸ்தின்னு சொன்னியே!"

"ஜாஸ்தின்னா குறைக்கணும். விட்டுடறதா?"

இப்படி வாசல் வழியாகவே குடும்பம் நடந்தது. கெரிசீம் மலையில் இது புதிதில்லை. மனைவிமார் ஒதுங்கியிருக்கும் நாட்களில் சமைத்துப் பழகாத ஆண் இங்கே ஒருவரும் கிடையாது. ஆனால் மற்ற அப்பாக்கள் குழந்தையைத் தூக்குவார்கள். போய்க் குளிப்பார்கள். சூரியன் மறைந்தால் விஷயம் முடிந்தது. ரத்வான் தூக்காததற்குக் காரணம், இந்த பஸ்காவுக்கு அவன் கைக்கு வந்திருந்த பலிக் கத்தி. நாள் நெருங்க நெருங்க ஒரு துளி சந்தேகமும் தன்மேல் ஒட்டக் கூடாது என்று அவனாகவே எடுத்துக்கொண்ட முடிவு அது.

நாற்பத்தொரு வயது. நாப்லுஸில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஆண் நர்ஸ். பதினெட்டு வருட வேலை. மலைமேல் வீடு, மலையடிவாரத்தில் வேலை, நடுவில் சோதனைச் சாவடி. அவன் சமாரியன் என்பது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்துக் கிண்டல் செய்யாத நாள் இருக்காது. தலைமை நர்ஸ் உம் கைஸ் வார்டின் அந்தக் கோடியிலிருந்தே கத்துவாள்: "ஏப்பா நல்ல சமாரியா, மூணாம் படுக்கைக்கு ஒரு ஊசி போட்டுட்டு அப்புறம் உன் நல்லதனத்தைக் காட்டு!"

"எங்கள்ல ஒருத்தன் நல்லவன்னு பைபிள்ல கதை எழுதி வச்சிருக்காங்க. அப்போ மிச்சம் இருக்கற எண்ணூத்துச் சொச்சம் சமாரியரைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு தெரியுதா, அக்கா?" என்பான் ரத்வான்.

பெல்ஜியத்திலிருந்து மூன்று மாதம் வேலை பார்க்க வந்த டாக்டர் ஒருவர் போகும்போது அவனுக்கு ஒரு படம் கொடுத்துவிட்டுப் போனார். பழைய ஓவியத்தின் அச்சு. தலைப்பாகை கட்டிய ஒருவன், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் கோவேறு கழுதைமேல் ஏற்றுகிறான். தூரத்தில் புத்தகம் படித்தபடியே ஓர் ஆசாரியர் நடந்து போகிறார். ரத்வான் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"இப்படித் தூக்கினா முதுகெலும்பு போயிடும் டாக்டர்."

டாக்டர் சிரித்தார். "சரி, இந்த ஆசாரியர் ஏன் நிக்காம போனார்? உங்க ஊர்ல என்ன சொல்வாங்க?"

"சாயங்காலம் அவருக்குக் கோயில்ல வேலை இருந்திருக்கும்."

டாக்டர் இன்னும் பலமாகச் சிரித்தார். ரத்வான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கிடந்தவன் பிணமாக இருந்து, தொட்டுவிட்டால் ஏழு நாள் தீட்டு. வருடத்துக்கு ஒரே தடவை கிடைக்கும் கோயில் முறையாக அது இருந்திருக்கலாம். அந்த ஆசாரியரைப் பார்த்து அவனுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

அவனுக்கும் அப்படி ஒரு முறை வந்தது. முப்பத்தொரு பஸ்காக்களுக்கு அவர்கள் வீட்டு ஆட்டை வெட்டியவர் அவன் அப்பா. அவர் இறந்ததும் கத்தி சித்தப்பாவிடம் போனது. அவர் பதினோரு வருடம் பிடித்தார். போன வருடம் அவர் கை நடுங்கியது. கத்தி ஒரு கைக்குப் போனால் அந்தக் கை நடுங்கும்வரை அங்கேயே இருக்கும் என்பதுதான் அந்த வீட்டு வழக்கம். அடுத்து யார் என்று கேள்வி வந்தபோது இரண்டு பெயர்கள் எழுந்தன: ரத்வான், சித்தப்பாவின் மகன் தமீம். தமீமுக்கு ஆசை இருந்தது, வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாதான் சொன்னார்: "அண்ணன் மகன் இருக்கான். முதல்ல அவன்." அந்த ராத்திரியே கத்தி ரத்வான் வீட்டு அலமாரியின் மேல் தட்டுக்கு வந்தது.

பத்து நாளாக மகளுடன் இருந்து கவனித்துக்கொண்ட நூரித்தின் அம்மாவும் அன்று காலை குளித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். ராத்திரி பஸ்கா இறைச்சி சாப்பிட வேண்டுமே. நாலரை மணிக்கு ஊரே பலியிடும் மைதானத்துக்குப் போய்விட்டது. சமாரியர் வாழும் இன்னொரு ஊரான ஹோலோனிலிருந்து பஸ்களில் வந்திறங்கிய சொந்தக்காரர்கள், நாப்லுஸ்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள், சுவர்மேல் ஏறி நின்ற படப்பிடிப்பாளர்கள். குழிகளில் காலையிலிருந்தே விறகு எரிந்துகொண்டிருந்தது. ஆடுகள் வேலிக்குள் நின்றன. வெள்ளை உடையில், வெள்ளைத் தொப்பியில் போய் நின்ற ரத்வான் இடுப்பைத் தடவிப் பார்த்தான். கத்தி இல்லை. அலமாரியில்தான் இருந்தது. பதினோரு வருடம் காத்திருந்தவன் கத்தியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தான்.

"என்னண்ணே, ஆட்டைப் பேசியே கொன்னுடலாம்னு வந்தீங்களா?" என்றான் தமீம்.

"வாயை மூடுடா. அஞ்சு நிமிஷம்."

தெரு காலியாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்தான், நாற்காலி போட்டு ஏறினான், துணியில் சுற்றிய கத்தியை எடுத்தான், இறங்கினான். துணியைப் பிரித்து நகத்தில் ஓட்டிப் பார்த்தான். ஒரு பிசிறு இல்லை. அப்போதுதான் நூரித்தின் குரல் கேட்டது. கத்தல் இல்லை. மூச்சுவிடாமல் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் குரல்.

"குட்டி. குட்டி. குட்டி."

ரத்வான் அறை வாசலுக்குப் போனான். நூரித் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் வாயோரத்தில் பால். சத்தமே இல்லை. அவசரப் பிரிவில் அவனுக்குப் பிடிக்காத ஒரே விஷயம், சத்தம் போடாத குழந்தை. உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது.

"பால் குடிச்சா, இருமினா, அப்புறம் மூச்சே... ரத்வான், வராதே, நீ வரக் கூடாது... ஐயோ, வா!"

அவன் கத்தியை மேஜைமேல் போட்டதும் உள்ளே போனதும் அவனுக்கு நினைவில்லை. குழந்தையை வாங்கி முன்கையில் குப்புறப் போட்டு, தாடையை விரல்களில் தாங்கி, தலையைத் தாழ்த்தி, உள்ளங்கையின் அடியால் முதுகில் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒன்றுமில்லை. திருப்பினான். நெஞ்சின் நடுவில் இரண்டு விரல் வைத்து அழுத்தினான். மறுபடி குப்புற. மூன்றாவது தட்டில் கட்டியாகப் பால் வந்து அவன் வெள்ளைச் சட்டைக் கையில் விழுந்தது. ஒரு விக்கல். பிறகு அழுகை. மலையடிவாரம்வரை கேட்கும் போலிருந்தது அந்த அழுகை.

நூரித் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ரத்வான் நின்றபடியே குழந்தையின் மூக்கைத் துடைத்தான், உதட்டைப் பார்த்தான், மார்பில் காது வைத்துக் கேட்டான். நிறம் திரும்பியது. எடை இவ்வளவு குறைவா என்று இருந்தது. தினமும் யாருடைய குழந்தையையோ தூக்கும் கை அது.

மேற்கே சூரியன் இன்னும் உயரத்தில் இருந்தது. மணி ஐந்தரை.

முதலில் நினைவு வந்தது நூரித்துக்குத்தான். "கத்தி" என்றாள்.

இருவரும் திறந்த கதவு வழியே மேஜையைப் பார்த்தார்கள்.

"போ. சட்டையை மாத்திட்டு எடுத்துட்டுப் போ. தெருவில ஒரு ஆள் இல்ல. நான் யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்" என்றாள். "சாகற குழந்தையைத் தொட்டதுக்கு யாரு கணக்குப் பார்ப்பா?"

"ஆசாரியர் பார்ப்பார்."

"ஆசாரியர் இங்க இல்ல! இன்னொருத்தன் கைக்குப் போனா அப்புறம் உனக்கு எப்போ வரும்? யோசிச்சியா?"

யோசித்தான். தமீமின் கைகள் நினைவுக்கு வந்தன. எள் ஆலையில் மூட்டை தூக்கும் கைகள். அவை எப்போது நடுங்குவது? மைதானத்தில் வேத வாசிப்பு தொடங்க இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. போனால் சரியாக இருக்கும். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தது. கத்தியை எடுக்க வேண்டுமென்றால் முதலில் அவளைக் கீழே வைக்க வேண்டும். அவன் வைக்கவில்லை. ஒரு கையால் செல்போனை எடுத்தான்.

"தமீம், வீட்டுக்கு வா. ஓடி வா."

தமீம் வெள்ளை உடையும் ரப்பர் பூட்ஸுமாக மூச்சிரைக்க வந்து நின்றான். குழந்தையோடு நிற்கும் ரத்வானைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான். புரிந்துகொள்ள அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"குழந்தை?"

"நல்லா இருக்கா. கத்தியை எடு."

"நான் எடுக்க மாட்டேண்ணே. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? அண்ணன் பொண்ணுக்கு மூச்சு முட்டினப்போ இவன் கத்தியைத் தூக்கிட்டு ஓடினான்னு சொல்லும்."

"அப்போ நான் தொடட்டுமா? தொட்டேன்னா கத்தியும் தீட்டு. நம்ம வீட்டு ஆடு வேலியிலயே நிக்கும். உங்கப்பா இன்னைக்கு ராத்திரி கீரையும் ரொட்டியும் மட்டும் சாப்பிடுவார். பரவாயில்லையா?"

தமீம் தலையைச் சொறிந்தான். பிறகு கத்தியைத் துணியோடு எடுத்துக்கொண்டான். குழந்தையை நூரித்திடம் கொடுத்துவிட்டு ரத்வான் குளித்தான், வேறு சட்டை போட்டான். இருவரும் ஒன்றாகவே மைதானத்துக்கு நடந்தார்கள், நடுவில் இரண்டடி இடைவெளி விட்டு.

வாசலில் ஆசாரியர் எல்யாகிம், ஒரு டிவிக்காரனைச் சுவரிலிருந்து இறங்கச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ரத்வான் சொன்னதைக் கேட்டதும் அந்தச் சண்டையைப் பாதியில் விட்டார்.

"யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல, ஐயா."

"குளிச்சியா?"

"குளிச்சேன்."

ஆசாரியர் மேற்கே பார்த்தார். "சூரியன் விழுந்ததும் நீ சுத்தம். ராத்திரி எல்லார் கூடவும் சாப்பிடலாம். ஆனா வெட்டறவங்க இப்பவே உள்ள நின்னு ஆட்டைப் பிடிக்கணும். வாசிப்பு உனக்காக நிக்காது, மகனே." டிவிக்காரனை ஒரு கண்ணால் பார்த்தபடியே கேட்டார்: "பாப்பா என்ன பண்றா?"

"கத்திக்கிட்டு இருக்கா."

"கத்தட்டும். நல்லா கத்தட்டும்." தமீமிடம் திரும்பி, "உள்ள போ" என்றார்.

நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக ரத்வான் கம்பி வேலிக்கு வெளியே வெளியாட்கள் கூட்டத்தோடு நின்று பலியைப் பார்த்தான். முழங்கைகளும் கேமராக்களும் அவன் முதுகில் இடித்தன. பக்கத்தில் நின்ற ஒரு நிருபர் பெண் உடைந்த அரபியில் கேட்டாள்: "நீங்க சமாரியரா? உள்ளே போகலையா?"

"இன்னைக்கு இல்ல."

"நல்ல சமாரியர்னு சொல்வாங்களே, அந்த..."

"நான் சும்மா சமாரியன்மா. கொஞ்சம் காலை எடு, மிதிக்கிறே."

பிரதான ஆசாரியரின் குரல் எழுந்தது. எகிப்தைவிட்டுப் புறப்பட்ட கதை. சபை முழுவதும் ஆட்டை வெட்ட வேண்டும் என்ற இடத்துக்கு வந்ததும் கத்திகள் ஒரே சமயத்தில் இறங்கின. மைதானம் முழுக்க ஆரவாரம். ரத்வான் தமீமின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே இழுப்பு. ஆடு துடிக்கவில்லை. அப்பாவும் அப்படித்தான் செய்வார்.

கட்டிப்பிடித்தலும் கை முத்தமும் நடந்துகொண்டிருக்க, தமீம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வேலியருகே வந்தான். பஸ்கா வழக்கப்படி, இரத்தம் தொட்ட விரலை ரத்வானின் நெற்றிக்கு நீட்டினான். ரத்வான் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்தான். இருவரும் மேற்கே பார்த்தார்கள். கடல்பக்கத்து வானம் சிவந்து கிடந்தது. சூரியன் இல்லை.

"போயிடுச்சுண்ணே" என்றான் தமீம். அண்ணன் நெற்றியில் பொட்டு வைத்தான்.

ரத்வான் அவன் கையைப் பிடித்து நேராக நீட்டிப் பார்த்தான். "இழுக்கறதுக்கு முன்னாடி மூச்சை வெளிய விடு. அடுத்த வருஷம்."

"நீங்க பக்கத்தில நில்லுங்க."

"நிக்கிறேன்."

மறுநாள் காலை ரத்வான் முக்காலிமேல் தட்டை வைக்கவில்லை. ரொட்டியையும் முட்டையையும் அறைக்குள்ளேயே கொண்டுபோனான். நூரித் குழந்தையை நீட்டினாள். அவன் அரைமணி நேரம் வைத்திருந்தான், பிறகு போய்க் குளித்தான். அதன்பின் தினமும் அப்படித்தான். குழந்தைக்குச் சிப்போராள் என்று பெயர். எண்பதாவது நாள் ஜூன் முப்பது. தமீமுக்கு இப்போது முப்பத்துநான்கு வயது; அவன் கை நடுங்க இன்னும் பல வருடம் ஆகும்.