குழாயைக் கழற்றிய நாள்

மேடை ஒலி அமைப்பில் மூன்று மாதப் பயிற்சி முடித்து நான் சென்னையிலிருந்து ஊர் திரும்பியபோது, உலகத்தில் ஒருவருக்கும் ஒழுங்காக மைக் கட்டத் தெரியாது என்று முடிவு செய்திருந்தேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார வைத்தால் பாதியில் எழுந்துபோய் மைக்காரரிடம் சண்டை பிடிப்பேன். 'உனக்குக் கால்ல சக்கரம், வாயில ஸ்பீக்கர்' என்பாள் அம்மா.

பொன்னேரியில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். தினமும் விடிந்ததும் எங்கள் ஊர் டச்சுக் கல்லறைக்கு எதிரே நின்று பஸ் பிடிப்பேன். அவ்வளவு அவசரமாகப் போய் நான் செய்த வேலை ஒயர் சுற்றுவது. பெட்டி தூக்கலாம், ஸ்டாண்ட் நிறுத்தலாம். மிக்ஸரை மட்டும் தொடக்கூடாது. மற்றவர்கள் அதில் குளறுபடி செய்வதைப் பின்னால் நின்று பார்க்கும்போது என் விரல்கள் தாமாகவே அசையும்.

ஏரியில் மீன்பிடிக்கும் அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் என்னைத் தடுக்கவில்லை. "ஒரு வருசம் பாரும்மா. ஆவலன்னா மீஞ்சூர் பக்கம் கம்பெனில சேந்துடு" என்று மட்டும் சொன்னார். பத்து மாதம் போய்விட்டது. மீஞ்சூர் என்ற பெயர்ப்பலகையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அப்போதுதான் முதலாளி கூப்பிட்டார்.

"உங்க ஊர்ல பாடு எடுக்கறாங்களாமே. நீயே போய் செட் போடு. ஒழுங்கா பண்ணன்னா மிக்ஸர் உனுக்கு. சொதப்புனன்னா வேற வேல பாத்துக்கோ."

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்ற முறைக்குத்தான் பாடு என்று பெயர். வருடத்துக்கு ஒருநாள் கோயில் திடலில் சீட்டுக் குலுக்குவார்கள். வரிசைப்படி ஒவ்வொரு குடும்பத்தையும் மைக்கில் மூன்று முறை கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஒரு பீடி குடிக்கும் நேரம் பொறுப்பார்கள். வந்தவர் சீட்டு எடுக்கலாம். வராதவர் கடைசிக்குப் போய், மிஞ்சிய இடத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம் விழுந்தால் அந்த வருடம் இறால் அள்ளலாம். மிஞ்சுவது எப்போதும் தூரத்துச் சேற்று மூலைதான்.

விடிகாலையிலேயே பெட்டிகளை இறக்கினேன். திடலில் எந்த விழா என்றாலும் வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களை ஏரியைப் பார்த்துக் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அன்றும் ஊர்க்காரர்கள் கட்டிவைத்திருந்தார்கள். சிறு வயதிலிருந்தே எனக்கு அவற்றின் மேல் கோபம். மூக்கடைத்தவர் கத்துவது போல ஒரு சத்தம். போதாக்குறைக்கு அந்த இரைச்சல் மைக்கில் ஏறி, மைக் கூவ ஆரம்பிக்கும். ஆளே இல்லாத தண்ணீருக்கு எதற்கு ஒலிபெருக்கி என்று ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

அதன்பிறகு கேட்டதே ஒரு பேச்சு! ஊர்ப் பெரியவர் சீட்டுப் பானையை அசைப்பதுகூடக் கடைசி வரிசைக்குக் கேட்டது. பத்து மணிக்கு வந்து நின்ற முதலாளி ரசித்துத் தலையை ஆட்டினார். நான் தரையில் இல்லை.

மதியத்துக்குச் சற்று முன் நைனாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த மீன்கார அக்கா ஒருத்தி சாவகாசமாகச் சொன்னாள்.

"ஏரில கீறாரு. கேட்டுட்டு வந்துடுவாரு."

வேப்பமரத்தில் தொங்கிய ஒயரைத் திரும்பிப் பார்த்தேன். வரிசையில் முதலில் இருப்பவர்கள் கரையில் காத்திருப்பார்கள். பின்னால் இருப்பவர்கள் அரைநாளை வீணாக்காமல் ஏரிக்குப் போய், குழாயில் பெயரைக் கேட்டுத் திரும்புவார்கள். அப்படிப் போனவர்களில் வரிசைப்படி முதலில் வருபவர் நைனா. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நானும் அதே ஊரில் பிறந்தவள்தான். ஆனால் ஒருநாளும் படகிலிருந்து அந்தக் குழாயைக் கேட்டவள் இல்லை. கரையில் இருப்பவள் காதுக்கு எது இரைச்சலோ அதைத்தான் பிடுங்கிப் போட்டேன்.

நைனாவின் போனுக்கு அடித்தேன். அது வீட்டில் சார்ஜில் கிடந்தது, அம்மா எடுத்தாள். இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். பெரியவரிடம் ஓடினேன்.

"ஒயரு நாந்தான் கழட்டினேன் பெரிப்பா. அவருக்குக் கேட்டிருக்காது. கொஞ்சம் பொறுங்க."

"உன் நைனாக்கு ஒரு ஞாயம், ஊருக்கு ஒரு ஞாயமாம்மா?"

"அப்ப நான் எடுக்கறேன்."

"பொம்பள கையால எடுக்கறது வழக்கமில்ல."

மைக்குக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். நான் அத்தனை பாடுபட்டுச் சுத்தம் செய்த ஒலியில் அது ஊருக்கே தெளிவாகக் கேட்டது. வீட்டில் ஆண்பிள்ளை வேறு இல்லை.

ஓடிப்போய் ஒயரைச் சேர்த்தேன். அவசரத்தில் இரண்டு முறை நழுவியது. மூன்றாவது கூப்பாடு குழாயில் மூக்கால் அலறிக்கொண்டு தண்ணீரின் மேல் போனது. தூரத்தில் ஒரு படகு திரும்பியது. அது கரைக்கு வருவதற்குள், கரையிலேயே இருந்த அடுத்த இரண்டு குடும்பங்கள் எடுத்துவிட்டன. ஏரியிலிருந்த மற்றவர்கள் எல்லோரும் குழாயைக் கேட்டு நேரத்துக்கு வந்துசேர்ந்தார்கள். தவறியது என் வீடு ஒன்றுதான்.

நைனா முழங்கால் ஈரத்தோடு வந்து, "கூப்ட்டாங்களா?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாந்தான் குழாயக் கழட்டிட்டேன் நைனா."

மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடைசியில் போய் நின்றார். பானையில் மிஞ்சிய ஒரே சீட்டை அவர் எடுக்கும்போது நான் மிக்ஸரின் பின்னால்தான் இருந்தேன். எந்த இடம் என்று பெரியவர் படித்துச் சொன்னதும் ஒலி அளவைக் குறைத்துவிட்டேன். அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை.

பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது முதலாளி பக்கத்தில் வந்தார். அந்த ஊர்ச் சண்டை எதுவும் அவர் காதில் விழவில்லை.

"கடைசில எதுக்குக் குழாயச் சேத்த? சத்தமே கெட்டுப்போச்சு. காலைல இருந்துச்சு பாரு, அதான் சவுண்டு. நாளைலருந்து மிக்ஸர் உனுக்கு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அழுதிருக்க வேண்டிய நேரத்தில், மறுநாள் எந்த மண்டபம் என்று கேட்டேன்.

அந்த வருடம் முழுக்க நைனா சேற்று மூலைக்குப் போனார். மற்ற படகுகளுக்கு முன்னால் கிளம்பி, பின்னால் திரும்பினார். நான் பஸ் ஏறி மேடை மேடையாக அலைந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்பதால் லீவு நாளிலும் கடைக்குப் போனேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும்.

அடுத்த பாடு நாளுக்கும் என்னையே அனுப்பினார்கள். முதல் நாளே போய்க் குழாய்களை ஏரிப் பக்கம் திருப்பிக் கட்டி, மைக்கை அவற்றின் இரைச்சல் படாத இடத்துக்கு மாற்றினேன். யாரையோ கெஞ்சிப் படகில் ஏறி நடு ஏரி வரை போய்க் கேட்டுவிட்டு வந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நடு ஏரி வரைக்கும் கேக்குது நைனா. நீ தைரியமா போ."

"சரிம்மா" என்றார்.

மறுநாள் அவருடைய முறை மதியத்துக்கு மேல்தான். காலை எட்டு மணிக்கே திடலுக்கு வந்து, என் மிக்ஸருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏரிக்குப் போவலயா நைனா?"

"காத்து சரியில்லம்மா."

கோயில் கொடித்துணி அசையாமல் தொங்கியது. அவரோடு மதிய முறைக்குக் காத்திருந்தவர்களின் படகுகள் எல்லாம் ஏரியில் இருந்தன. அவர் பெயரைக் கூப்பிடும்வரை நான் அவர் முதுகைப் பார்த்தபடியே வேலை செய்தேன்.