எல்லா வரிக்கும் ஒரு ஹவெவர்

பதவி உயர்வு வேண்டுமானால் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் காட்டவேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஐம்பது வயதில் தி.நகர் கோச்சிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். வரியோடு வரியைக் கோக்கும் சொற்கள் இருந்தால்தான் மதிப்பெண்ணாம். ஹவெவர் என்றால் ஆனாலும், தேர்ஃபோர் என்றால் ஆகவே, மோர்ஓவர் என்றால் மேலும் என்று மந்திரம் போல உருப்போட்டேன்.

தேர்வுக்கு முந்தின நாள், எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டின் தண்ணீர்ப் பிரச்சினையைக் கடிதமாக எழுதி மனைவியிடம் நீட்டினேன். தண்ணீர் லாரி வரவில்லை. ஹவெவர், செக்ரட்டரி நல்லவர். தேர்ஃபோர், நான் குளிக்கவில்லை.

"ஏங்க, அவர் நல்லவரா இருந்தா நீங்க ஏன் குளிக்கல?"

"நடுவுல தேர்ஃபோர் இருக்கே!"

"அது இருக்கு. காரணம் எங்க? லாரி வரல, டேங்க் காலி, அதனால குளிக்கல. அவ்ளோதானே?"

ஒரே ஒரு 'அதனால'தான் போட்டாள், எல்லாம் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் வினாத்தாளைப் பார்த்ததும் முதல் வரியையே ஹவெவர் என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்கு முன்னால் இருந்தது 'டியர் சார்' மட்டும்தான். ரிசல்ட் இன்னும் வரவில்லை. அந்த சாரோடு எனக்கு என்ன கருத்து வேறுபாடு என்பதும் இன்னும் விளங்கவில்லை.